கருவாட்டில் சிவப்புப் படிகிறது: உப்புக்குள்ளும் உயிர் இருக்குமா?

கருவாட்டுக்கடை (திங்கள், காலை)

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங்கில் கருவாடு விற்கிறோம். படகுத்துறையில் மீன் வாங்கி, நாங்களே உப்புப் போட்டுக் காயவைத்து, சந்தையிலும் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் கடை போடுகிறோம். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருந்து வருகிறவர்கள்தான் பெரும்பாலும் வாடிக்கை.

போன மாதம் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டே இருந்தது. குராவ் மீன் முழுதாகக் காயவில்லை. உப்போடு பெட்டியில் அடுக்கிக் கொட்டகையில் வைத்தோம். வெயில் வந்ததும் திறந்து பார்த்தால், வயிற்றுப் பக்கமும் செவுளுக்குள்ளும் ரோஸ் நிறத்தில் ஒரு படலம். தொட்டால் வழவழவென்று இருக்கிறது, லேசாக ஒரு வாடையும் வருகிறது. ஓரிரண்டு மீன் தெரியாமல் கடைக்கும் போய்விட்டது. பார்த்த ஒருவர், "சாயம் போட்டு விற்கிறீர்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். மனசு உடைந்துபோனது. உப்பைத் தவிர நாங்கள் எதையும் சேர்ப்பதில்லை.

உப்புக் குறைந்ததாலோ என்று நினைத்து அடுத்த தடவை இன்னும் அள்ளிப் போட்டோம். அதிலும் வந்தது. உப்பில் எதுவும் பிழைக்காது என்றுதானே கருவாடே போடுகிறோம்? இது என்ன, தின்றால் ஆபத்தா, எப்படித் தடுப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பாகான்_காற்று (திங்கள், மதியம்)

அக்கா, இது உப்பு மூட்டையில் உள்ள கலப்படம். உப்பில் கிருமி பிழைக்காது, அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உப்பை மாற்றுங்கள், சரியாகிவிடும். பழைய காலத்தில் இப்படிச் சிவந்தால் நன்றாகக் கழுவி, வெயிலில் ஒரு காய்ச்சல் காட்டி, பொரித்துத் தின்போம். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.


உப்புநீர் (திங்கள், இரவு)

நான் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். உப்பு விரும்பும் நுண்ணுயிர்களைப் படிப்பதில் எனக்குப் பல ஆண்டு ஆர்வம், அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, அது சாயமும் இல்லை, கலப்படமும் இல்லை. உயிருள்ள ஒன்று. உப்பிட்ட மீன் வியாபாரம் நடக்கும் நாடுகளில் எல்லாம் இந்தச் சிவப்பைப் பார்த்திருக்கிறார்கள். உப்பில் பதப்படுத்திய மாட்டுத்தோலிலும் வரும். காரணம், ஹாலோபாக்டீரியம் சலினாரம் போன்ற ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள். பெயரில் பாக்டீரியம் என்று இருந்தாலும் இவை பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்ற தனி வகை. கடல்நீரில் உப்பு ஏறக்குறைய 3.5 விழுக்காடுதான். இவற்றுக்கு அது போதாது. 15 விழுக்காடாவது வேண்டும், 20 முதல் 25 வரை இருந்தால்தான் செழிப்பாக வளரும். நீங்கள் உப்பைக் கூட்டியதும் ஏன் நிற்கவில்லை என்பது இப்போது புரியும். அவற்றுக்கு வசதியான இடத்தை இன்னும் வசதியாக்கிவிட்டீர்கள்.

அவை வந்த வழி பெரும்பாலும் உப்புதான். கடல்நீரை வெயிலில் வற்றவைத்து எடுக்கிற உப்பில், ஒவ்வொரு பரலுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் சிக்கிக்கொள்ளும். அந்தத் துளிக்குள் இந்த உயிர்களும் அடைபட்டு, நீண்ட காலம் உயிரோடு இருக்கும். மீன்மேல் தூவியதும் உப்பு கரைகிறது, அவை வெளியே வருகின்றன. மீன் புரதம் சாப்பாடு, நம் ஊர் வெக்கை அவற்றுக்குப் பிடித்த சூடு. காற்றில் ஈரம் நிறைந்த நாட்களில் கேட்கவே வேண்டாம்.

பாகான்_காற்று அண்ணே, உப்பு கிருமியைக் கொல்லும் என்பது மிகப் பெரும்பாலான கிருமிகளுக்குப் பொருந்தும். ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. இந்த இழையில் இது ஒன்று தெளிவானால் போதும் என்று நினைக்கிறேன்.


தாமான்_வாசி (திங்கள், இரவு)

அந்த நிறம் எதற்கு? நிறம் இல்லாமல் வளரக் கூடாதா?


உப்புநீர் (திங்கள், இரவு)

நல்ல கேள்வி. சிவப்புக்கு முக்கியக் காரணம் பாக்டீரியோரூபெரின் என்ற நிறமி. கேரட்டில் இருக்கும் கரோட்டினுக்கு உறவு. உப்பளத்தில் நாள் முழுக்க நிழலே இல்லாத வெயில். அதன் புற ஊதாக் கதிர் மரபணுவை உடைக்கும். இந்த நிறமி அதிலிருந்து காக்க உதவுகிறது.

இன்னொரு நிறமும் உண்டு, ஊதா. அதன் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1971இல் டீட்டர் ஓஸ்டர்ஹெல்ட், வால்டர் ஸ்டோக்கினியஸ் என்ற இரு விஞ்ஞானிகள், ஹாலோபாக்டீரியத்தின் சவ்வில் இருக்கும் ஊதாப் புரதத்தில் ரெட்டினால் இருப்பதைக் காட்டினார்கள். நம் கண்ணின் விழித்திரையில் ஒளியைப் பிடிக்கும் அதே பொருள்தான், வைட்டமின் ஏயிலிருந்து வருவது. ஒளி பட்டதும் இந்தப் புரதம் புரோட்டான்களைச் செல்லுக்கு வெளியே தள்ளுகிறது. அவை திரும்பி உள்ளே வரும்போது அந்த விசையைக் கொண்டு செல் தனக்கு வேண்டிய ஆற்றலைச் செய்துகொள்கிறது. பச்சையம் இல்லை, கரிவளியை உணவாக்கும் வேலையும் இல்லை, வெறும் வெளிச்சத்தில் ஓடும் பம்ப். அடர்ந்த உப்புநீரில் உயிர்வளி மிகக் குறைவாகத்தான் கரையும். அப்படி மூச்சுமுட்டும் நேரத்தில் இந்தப் பம்ப் கைகொடுக்கிறது. சில இனங்கள் உடலுக்குள் காற்றுப் பைகள் வைத்துக்கொண்டு மேலே மிதந்து வந்து காற்றையும் வெளிச்சத்தையும் பிடிக்கின்றன.


செம்பனை_மண்டோர் (செவ்வாய், காலை)

தம்பி, படிக்க நன்றாக இருக்கிறது. நான் தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு ஒரு சந்தேகம். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரமும் உப்பு மாதிரிதான் இருக்கும், அதுவும் சிவப்பு. அதிலும் இந்த உயிர்தானா? அப்புறம், சின்னக் கன்றுக்கு அந்த உரத்தை அடியோடு ஒட்டிப் போட்டால் வேர் கருகிவிடும் என்று ஆட்களைக் கத்திக்கொண்டே இருப்போம். வேரையே சுடுகிற உப்புக்குள் அவ்வளவு சின்ன உயிர் எப்படித் தாங்குகிறது?


உப்புநீர் (செவ்வாய், மதியம்)

ஐயா, முதல் கேள்விக்குச் சுருக்கமாக: இல்லை. பொட்டாஷின் சிவப்பு அதில் கலந்திருக்கும் இரும்பு ஆக்சைடு. பாகிஸ்தானின் கெவ்ரா சுரங்கத்தில் இருந்து வந்து, இமயமலை உப்பு என்று கடைகளில் விலை ஏறி விற்கும் ரோஸ் உப்பின் நிறமும் இரும்புதான். சிவந்த உப்பெல்லாம் உயிரால் சிவந்தது இல்லை.

இரண்டாவது கேள்விதான் இந்த உயிர்களின் ரகசியமே. கன்று கருகுவது ஏன்? வெளியே உப்பு கூடிவிட்டால் தண்ணீர் வேரிலிருந்து வெளியே போகிறது, வேர் வற்றிச் சாகிறது. மீனில் இருக்கும் சாதாரணக் கிருமிக்கும் இதேதான் நடக்கிறது. கருவாடு கெடாமல் இருப்பது இதனால்தான்.

ஹாலோபாக்டீரியம் இதை எப்படிச் சமாளிக்கிறது தெரியுமா? வெளியே எவ்வளவு உப்போ அவ்வளவு உப்பைத் தன் உடலுக்குள்ளேயே நிரப்பிக்கொள்கிறது. வெளியே சோடியம் குளோரைடு, உள்ளே பொட்டாசியம் குளோரைடு. ஆம் ஐயா, நீங்கள் மூட்டை மூட்டையாகத் தூவிய அதே பொட்டாஷ்தான். இரண்டு பக்கமும் சமமாகிவிட்டால் தண்ணீர் வெளியே ஓட வேண்டியதில்லை. ஆனால் அவ்வளவு உப்புக்குள் நம் உடம்பின் புரதங்களை வைத்தால் பெரும்பாலும் சுருண்டு திரண்டு பயனற்றுப் போய்விடும். இவற்றின் புரதங்கள் வேறு மாதிரி அமைந்தவை. மேற்பரப்பு முழுக்க அமிலத்தன்மை கொண்ட அமினோ அமிலங்கள், அஸ்பார்ட்டிக்கும் குளுட்டாமிக்கும். அவை தண்ணீரையும் உப்பு அயனிகளையும் தம்மைச் சுற்றிப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இப்படி அமைந்ததற்கு ஒரு விலை உண்டு. உப்பை எடுத்துவிட்டால் அதே புரதங்கள் குலைந்துவிடும். நல்ல தண்ணீரில் போட்டால் ஹாலோபாக்டீரியத்தின் செல் வெடித்துச் சிதறும். நமக்குக் குடிநீர், அதற்கு மரணம்.

எல்லா உப்பு விரும்பிகளும் இப்படி இல்லை. டுனாலியெல்லா சலினா என்ற பாசி உப்பை உள்ளே விடாமல், கிளிசராலைச் செய்து உடலை நிரப்பிக்கொள்ளும். ஹாலோமோனாஸ் என்ற பாக்டீரியா எக்டோயின் என்ற பொருளைச் சேர்த்து வைக்கும். அந்த எக்டோயினை இப்போது தோல் வறளாமல் இருக்க முகக் கிரீம்களில் சேர்க்கிறார்கள். டுனாலியெல்லாவை ஆஸ்திரேலியாவின் ஹட் லகூன் என்ற உப்பேரியில் வளர்த்து பீட்டா கரோட்டின் எடுக்கிறார்கள். வானத்தில் இருந்து பார்த்தால் அந்த ஏரியே ரோஸ் நிறம்.


தென்னை_வரப்பு (செவ்வாய், இரவு)

என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவர், சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம். உறவினர் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது அங்கே உப்பளத்தைப் பார்த்தேன். கடல்நீர் முதலில் விடும் பாத்தி சாதாரண நிறம். அடுத்தடுத்த பாத்தியில் நீர் வற்ற வற்ற நிறம் மாறி, உப்புப் பூக்கும் கடைசிப் பாத்தியில் செம்மண் கரைத்த நிறம். தண்ணீர் அழுக்கு என்று நினைத்துக் கேட்டேன். உப்பு நன்றாக விளையப் போகிறது என்றார் அங்கே வேலை செய்தவர். இதுவும் அதேதானா?


உப்புநீர் (செவ்வாய், இரவு)

அதேதான், அந்தத் தொழிலாளி சொன்னதில் அறிவியலும் இருக்கிறது. சிவந்த நீர் வெயிலை அதிகம் உறிஞ்சிச் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் வற்றும். பாத்திக்குப் பாத்தி நிறம் மாறுவது, உப்பு ஏற ஏறக் குடியிருப்பவர்கள் மாறுவதால். தொடக்கத்தில் கடலில் வாழும் சாதாரணப் பாசிகள், நடுவில் டுனாலியெல்லாவும் அதைத் தின்னும் ஆர்ட்டீமியா என்ற சின்ன இறாலும், கடைசியில் இந்தச் சிவப்பு உயிர்கள். வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கோடியக்கரைக்குப் பூநாரைகள் வருகின்றன அல்லவா? பூநாரையின் சிறகு சிவப்பதே பாசியிலும் சிற்றிறாலிலும் இருந்து வரும் கரோட்டின் வகை நிறமிகளால்தான்.

அந்தக் கடைசிப் பாத்தியில் இருப்பவற்றில் அதிசயமான ஒன்று, சதுர வடிவத்தில் தபால்தலை மாதிரித் தட்டையாக இருக்கும் ஹாலோகுவாட்ராட்டம் வால்ஸ்பியி. 1980இல் வால்ஸ்பி என்பவர் சினாய் பகுதியின் ஓர் உப்புக் குட்டையில் கண்டார். ஆய்வுக்கூடத்தில் வளர்க்க முடிந்தது 2004இல்தான்.

சாக்கடலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உப்பு ஏறக்குறைய 34 விழுக்காடு, மீன் கிடையாது. அதில் உயிரே இல்லை என்றுதான் பலரும் நம்பினார்கள். 1936இல் எலாசாரி வோல்கானி அங்கே நுண்ணுயிர்கள் வாழ்வதைக் காட்டினார். 1980இலும் 1992இலும் கனமழையால் மேல்நீர் கொஞ்சம் நீர்த்தபோது, முதலில் டுனாலியெல்லா பெருகி, அதை நம்பி இந்த உயிர்கள் பெருகி, கடலே சிவந்தது.

சாக்கடலில் கிடைத்த ஹாலோஆர்குலா மாரிஸ்மோர்ட்டுயி என்ற இனத்துக்கும் ஒரு நோபல் பரிசுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோமின் பெரிய பாதியைத் தாமஸ் ஸ்டைட்ஸ் குழு 2000இல் அணு அணுவாகப் படம்பிடித்தது இந்த உயிரில் இருந்துதான். உப்பில் வாழ்வதால் அதன் ரைபோசோம் உறுதியாக இருந்தது, நல்ல படிகமாகவும் ஆனது. 2009 வேதியியல் நோபலை ஸ்டைட்ஸ், அடா யோனத், நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் மூவரும் பகிர்ந்தார்கள். ராமகிருஷ்ணன் படித்தது சிறிய பாதியை, அது வெந்நீரில் வாழும் வேறு ஓர் உயிரில் இருந்து எடுத்தது.


பாகான்_காற்று (புதன், காலை)

எல்லாம் சரி. ஆனால் சாக்கடல், சினாய் என்று போய்விட்டீர்கள். நம் நாட்டில் உப்பளமே இல்லையே. அப்படியென்றால் மூட்டையில் வந்ததுதான் தவறு என்று நான் சொன்னது பாதி சரிதானே? தவிர, கழுவிப் பொரித்துத் தின்றால் என்ன என்ற கேள்விக்கும் இன்னும் பதில் வரவில்லை.


உப்புநீர் (புதன், மதியம்)

அண்ணே, மூட்டையில் வந்தது என்பது சரி. ஆனால் கலப்படம் செய்து வந்ததில்லை, வெயிலில் விளைந்த எந்தக் கடலுப்பிலும் அவை இருக்கக்கூடும். நம் நாட்டில் ஆண்டு முழுக்க மழை, அதனால் பெரிய உப்பளங்கள் இல்லை. சரவாக்கின் பாரியோ மலையில் பா உமோர் என்ற இடத்தில் உப்பு ஊற்று இருக்கிறது. அந்த நீரை விறகடுப்பில் காய்ச்சி உப்பு எடுக்கிறார்கள். கொதிக்கக் காய்ச்சிய உப்பில் இந்த உயிர்கள் தப்புவது கடினம்.

மிதமான உப்பை விரும்புகிறவை நம்மைச் சுற்றியே இருக்கின்றன. மாத்தாங் சதுப்பு நிலக் காட்டுச் சேற்றில் இருக்கின்றன. அங்கே அப்பி-அப்பி மரத்தின் இலையை நக்கிப் பார்த்தால் கரிக்கும், மரம் வெளியேற்றிய உப்பு அது. பெலாச்சான், சிஞ்சாலோக், கிளந்தானின் புடு என்று உப்பில் புளிக்கவைக்கும் பண்டங்களில் வேலை செய்வதும் உப்பைத் தாங்கும், விரும்பும் நுண்ணுயிர்கள்தான். சோயா சாஸ் ஊறும் தொட்டியில் டெட்ராஜெனோகாக்கஸ் ஹாலோஃபிலஸ் என்ற பாக்டீரியா லாக்டிக் அமிலம் செய்து மணத்துக்கு வழிவிடுகிறது.

இப்போது பொரித்துத் தின்பது. சிவப்பு உயிர்கள் மனிதனுக்கு நோய் தருவதாகத் தெரிந்தவை அல்ல. அதனால் உங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகாததில் வியப்பில்லை. ஆனாலும் நான் தின்னாதீர்கள் என்றுதான் சொல்வேன். சிவப்பு தெரிகிறது என்றால் அந்த மீன் ஈரத்தோடும் சூட்டோடும் பல நாள் கிடந்திருக்கிறது என்று பொருள். அந்த நிலைமையில் நிறமே காட்டாத வேறு ஒன்றும் வளர்ந்திருக்கலாம். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் நம் கையிலும் மூக்கிலும் இருப்பது. அதற்கு உப்பு தேவையே இல்லை, ஆனால் 10 விழுக்காடு உப்பிலும் தயங்காமல் வளரும். அது விடும் நச்சு, எண்ணெயில் பொரித்தாலும் போகாது. தெங்கிரி, கெம்போங் போன்ற மீன்கள் உப்புப் போடும் முன்பே வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் சேரும், அதுவும் சமைத்தால் அழியாது. முகம் சிவந்து, தடித்து, தலைவலி வரும். ஆக, பயப்பட வேண்டியது சிவப்புக்கு இல்லை, அது காட்டிக்கொடுக்கும் நிலைமைக்கு.

உப்பு விரும்புகிறவற்றில் நோய் தருவதும் உண்டு, இதையும் மறைக்கக் கூடாது. விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ், கடல்நீர் அளவு உப்பில் வாழ்வது. 1950இல் ஜப்பானின் ஒசாகாவில் அரைகுறையாகக் காய்ந்த சிறு மீன்களைத் தின்ற 272 பேர் நோயுற்று, 20 பேர் இறந்தார்கள். அதை ஆராய்ந்தபோதுதான் இந்தக் கிருமியே தெரியவந்தது. ஆனால் இது சமைத்தால் செத்துவிடும்.


பாகான்_காற்று (புதன், மாலை)

ஸ்டாஃபிலோ விஷயம் எனக்குப் புதுசு. சந்தையில் கருவாட்டை எத்தனை கை தொடுகிறது என்று நினைத்தால் யோசிக்க வேண்டியதுதான். ஆனாலும் ஏழைப்பட்ட குடும்பம், ஒரு மீனில் ஓரம் சிவந்தால் முழுசையும் வீசச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.


கருவாட்டுக்கடை (புதன், இரவு)

தம்பி, நாங்கள் வீசிவிட்டோம். விற்றதில் திரும்பி வந்ததற்குக் காசும் கொடுத்துவிட்டோம். இனி வராமல் இருக்க என்ன செய்வது, அதை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். எங்கள் கல்லுப்பு மூட்டையில் கடலுப்பு என்றுதான் அச்சிட்டிருக்கிறது. தொட்டியையும் பலகையையும் ஆற்று முகத்துவாரத்து நீரில்தான் அலசுவோம், குழாய்த் தண்ணீர்க் காசு மிச்சம் என்று.


உப்புநீர் (வியாழன், காலை)

அக்கா, முதலில் அந்த அலசலை மாற்றுங்கள். கரிப்பு நீரை விடக் குழாய்த் தண்ணீர்தான் ஹாலோபாக்டீரியத்துக்கு எமன். ஒவ்வொரு தடவையும் தொட்டி, கத்தி, பலகை எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவி, கொஞ்ச நேரம் தண்ணீர் நிற்க விட்டு, முழுக்கக் காயவையுங்கள். தேய்ப்பது முக்கியம். இதே கூட்டத்தில் ஹாலோகாக்கஸ் என்ற ஒன்றும் கருவாட்டில் வரும், அதற்குத் தடித்த சுவர் இருப்பதால் நல்ல தண்ணீரிலும் வெடிக்காது. அதனால் கழுவிய பிறகு குளோரக்ஸ் என்ற வெளுப்பானின் நீர்த்த கரைசலில் ஒருமுறை துடைத்து, மறுபடி நல்ல தண்ணீர் விடுங்கள். மரப்பலகையின் வெடிப்புக்குள் உப்பும் அவையும் ஒளிந்துகொள்ளும். முடிந்தால் பிளாஸ்டிக் பலகைக்கு மாறுங்கள்.

உப்பு: ஆலையில் காய்ச்சி எடுத்த தூள் உப்பு, அல்லது சுரங்க உப்பு நல்லது. விலை கூடத்தான் இருக்கும். முழுக்க மாற்ற முடியாவிட்டால் மழைக்காலத்துக்காவது மாற்றுங்கள். ஒருமுறை பயன்படுத்திய உப்பையும் உப்புநீரையும் அடுத்த மீனுக்குப் போடவே வேண்டாம். பல இடங்களில் இது தொடர்ந்து வருவதற்கு அதுவே பெரிய காரணம்.

காயாத நாளில் கொட்டகையில் அடுக்காமல் ஐஸ்பெட்டியில் வையுங்கள். இவை வெக்கையில் வளருகிறவை, 5 பாகை செல்சியசுக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். சாகாது, நிற்கும். வெளியே எடுத்தால் மறுபடி தொடங்கும், அதனால் வெயில் வந்ததும் முழுக்கக் காயவைத்துவிட வேண்டும்.

இன்னொன்று, காய்ந்த கருவாட்டில் பழுப்பு நிறத்தில் பொடிப் பொடியாகப் புள்ளி வந்தால் அது வேறு, வாலெமியா என்ற பூஞ்சை. அதற்கும் வழி ஈரத்தை விலக்குவதுதான்.


படிவம்ஆறு (வியாழன், மாலை)

அண்ணா, நான் தெலுக் இந்தானில் படிவம் ஆறு படிக்கிறேன். ஆர்க்கியா என்று பாடத்தில் ஒரு பத்திதான் இருக்கிறது. கார்ல் வூஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் 1977இல் பிரித்தது என்று மனப்பாடம் செய்தேன், நம் ஊர்க் கருவாட்டில் இருக்கும் என்று தெரியாது! இதைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் வளர்க்க முடியுமா? அக்கா கருவாடு கொடுத்தால் போதுமா?


கருவாட்டுக்கடை (வியாழன், இரவு)

வீசிவிட்டேனே தங்கச்சி. ஆனால் அந்த உப்பு மூட்டையில் இன்னும் பாதி இருக்கிறது. வந்து எடுத்துக்கொள், காசு வேண்டாம்.


உப்புநீர் (வியாழன், இரவு)

உப்பே போதும், கருவாட்டை விட அதுவே நல்லது. ஆசிரியர் அனுமதியோடும், அவர் கூட இருக்கும்போதும் மட்டும் செய். ஒரு லிட்டர் நீரில் 250 கிராம் சாதாரண உப்பு, 20 கிராம் மக்னீசியம் சல்ஃபேட், 2 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 3 கிராம் சோடியம் சிட்ரேட், 10 கிராம் பெப்டோன். பெப்டோனை விசாரித்து வாங்கு, சிலவற்றில் பித்த உப்பு கலந்திருக்கும், அது இந்தச் செல்களைக் கரைத்துவிடும். அகார் சேர்த்துத் தட்டில் ஊற்று. மூட்டை உப்பை, 20 விழுக்காடு காய்ச்சி ஆறிய உப்புநீரில் கரைத்துத் தடவு. நல்ல தண்ணீரில் கரைத்தால் தட்டுக்கு வரும் முன்பே செத்துவிடும். இன்னொரு தட்டில் ஆலைத் தூள் உப்பைத் தடவு, அக்காவுக்கும் எந்த உப்பு நல்லது என்று கண்ணால் பார்த்த மாதிரி இருக்கும்.

37 பாகையில் வை. தட்டு வற்றாமல் இருக்க பிளாஸ்டிக் பையில் போட்டு மூடு. சாதாரண பாக்டீரியா போல மறுநாளே வராது, ஒரு வாரம், இரண்டு வாரம், சில நேரம் அதற்கும் மேல் ஆகும், பொறுமையாக இரு. வந்தால் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகளாக வரும். படம் எடுத்து இங்கே போடு. தட்டுகளைத் திறக்காமல், அழுத்தக் கலனில் வேகவைத்த பிறகே குப்பையில் போட வேண்டும்.


செம்பனை_மண்டோர் (வெள்ளி, காலை)

தங்கச்சி, மூட்டை தூக்க ஆள் வேண்டுமென்றால் சொல். சனிக்கிழமை சந்தைக்கு மோட்டாரில் வருவேன், தெலுக் இந்தான் வரை கொண்டுவந்து தருகிறேன்.